இடப்பக்கம் திரும்பாத வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே வண்டியைத் தவிர எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் குறை சொல்ல வாயைத் திறந்தால் போதும், உன் உதிரிபாகக் கடைக்கு உடனே வாடிக்கையாளர் வந்துவிடுகிறார். கடிதத்திடம் "அப்புறம் கூப்பிடறேன்க்கா" என்று சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். புதன்கிழமை ஓட்டுநர் தேர்வில் நான் தேறவில்லை. திங்கட்கிழமை புதிய கல்லூரியில் வேலைக்குச் சேர வேண்டும். அந்தப் பக்கம் பேருந்தே கிடையாது. உரிமம் கிடைக்காவிட்டால் உன் அத்தான்தான் தினமும் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவார். நல்ல மனிதர்தான். ஆனால் வாசலில் மாணவர்கள் நடுவே, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா? மறக்காம சாப்பிட்டுடு, என்ன?" என்று உரக்கச் சொல்லாமல் அவரால் கிளம்ப முடியாது. இத்தனை வருடம் புள்ளியியல் கற்பித்துச் சேர்த்த மரியாதை ஒரே காலையில் போய்விடும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் நீ. "பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய் வீங்கும்க்கா. பிரேக்கைப் பிடிச்சா மொதல்ல அது வீங்கும், அப்புறம் யோசிக்கும், அப்புறம்தான் வண்டி நிக்கும். எஃகு வலை சுத்தின குழாய் போடுங்க, பிடிச்ச இடத்துல நிக்கும்" என்றாய். எவ்வளவு வீங்கும், அளந்து பார்த்தவர் யார் என்று கேட்டேன். வாடிக்கையாளர் வந்துவிட்டார். நான் அத்தோடு விட்டுவிட்டேன். உன் அத்தான் விடவில்லை. நீ அனுப்பிய படங்களை வைத்துக்கொண்டு சிவப்பா, நீலமா, கறுப்பா என்று ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் விவாதம். என்னைக் கட்டிக்கொள்ள ஒப்புக்கொண்டபோதுகூட அந்த மனிதர் இவ்வளவு யோசிக்கவில்லை.

முதுகுவலிக்காக அவர் ஹேண்டில்பாரை உயர்த்தி, அப்போதே நீளமான ரப்பர் குழாயும் போட்டுக்கொண்டதால், கடையில் இருக்கும் நீளம் பொருந்தாது, அளந்து அனுப்புங்கள் என்றாய். அளந்தது நான்தான், மறைப்பதற்கில்லை. பிரேக் பிடியிலிருந்து டாங்குக்கு அடியில், சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். பெட்டி வரைக்கும் நூல் பிடித்து, மூன்று தடவை அளந்து, சராசரி எடுத்தேன். "கொஞ்சம் தாராளமா இருக்கட்டுமே" என்றார் அவர். "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்டேன். "கொஞ்சம்னா கொஞ்சம்தான்" என்றார். எண்ணில் சொல்ல முடியாத ஒன்றை நான் அளவில் சேர்ப்பதில்லை.

குழாய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாசலில் மாட்டினோம். மாட்டினோம் என்றால், அவர் மாட்டினார், நான் செய்முறைத் தாளை வாசித்தேன். பெயிண்டைத் தின்னும் பிரேக் ஆயில் முன் மட்கார்டில் சிந்தியது. அவர் அவசரமாகத் துடைத்தார், துணியோடு பெயிண்டும் வந்துவிட்டது. எந்தத் துணி என்று பார்த்தால் அவருடைய அலுவலகச் சட்டை. அப்புறம் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுக்கும் படலம். "பிடி!" என்பார், பிடிப்பேன். "விடு!" என்பார், விடுவேன். எதிர்வீட்டுக்காரர் மாடியில் நின்று, "என்ன சார், வீட்ல கடைசியா உங்க பேச்சு எடுபடுது போல!" என்றார். தெருவில் ஓட்டிப் பார்த்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், பிரேக் அற்புதம். தெருவில் போகும்போது ஹேண்டில் அதிகம் திரும்புவதில்லை, உடம்பைச் சாய்த்தாலே போதும். ஆகவே எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

தேர்வில் எட்டு போடச் சொன்னார்கள். வலப்பக்க வட்டம் அழகாக வந்தது. இடப்பக்கம் திருப்பினேன், ஹேண்டில் பாதியிலேயே நின்றுவிட்டது. குழாய் விறைத்துக்கொண்டு, இதற்குமேல் ஒரு நூல்கூட வரமாட்டேன் என்கிறது! வண்டியை நேராக நிறுத்திவைத்து அளந்திருக்கிறேன், தம்பி. ஹேண்டில் திரும்பும் என்பது ஊரறிந்த விஷயம். அளக்கும்போது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. காலை ஊன்றினால் தோல்வி என்பது விதி. எனவே ஊன்றாமல் வலப்பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன், யோசிக்க நேரம் வேண்டுமல்லவா. வேலிக்கு அந்தப் பக்கம் உன் அத்தான், "லெஃப்ட்டு! லெஃப்ட்டு!" என்று கத்துகிறார். நாலாவது சுற்றில் தேர்வு அதிகாரி எழுந்து வந்தார்.

"ஏம்மா, எட்டு போடச் சொன்னா முட்டை போட்டுக்கிட்டே இருக்கீங்க?"

"இடது பக்கம் திரும்ப மாட்டேங்குது சார்."

"வண்டியா, நீங்களா?"

விளக்கினேன். அவரே ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சரி, நிறுத்தியாவது காட்டுங்கள் என்றார். வேகமாக வந்து கோட்டின்மேல் முன்சக்கரத்தை வைத்ததுபோல் நிறுத்தினேன். "அட!" என்றார். வரிசையில் எனக்கு அடுத்து நின்ற ரொட்டிக்கடைக்காரர் மனம் இரங்கி, "என் வண்டியில போடுங்கக்கா" என்று சாவியை நீட்டினார். அதில் எட்டு முத்துமுத்தாக விழுந்தது. ஆனால் அவருடைய பிரேக் ஊறிய ரொட்டி. பிடித்தேன், இன்னும் பிடித்தேன், கோட்டைத் தாண்டி, அதிகாரியின் நாற்காலியைத் தாண்டி, பூத்தொட்டிக்கு முன்னால் நின்றேன். அதிகாரி முன்யோசனையோடு எழுந்துவிட்டிருந்தார்.

"சார், ஒரு வண்டியில சரியா நிறுத்தினேன், இன்னொண்ணுல சரியா திருப்பினேன். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா நான் பாஸ்தானே?"

"அப்ப லைசென்ஸை ரெண்டாக் கிழிச்சு, வண்டிக்குப் பாதி தரட்டுமா? வெள்ளிக்கிழமை வாங்கம்மா. ஒரே வண்டியோட வாங்க."

ஆகவே முடிவு செய்துவிட்டேன். பழைய ரப்பர் குழாயை இன்று மறுபடி மாட்டிவிட்டோம். இனி எங்கள் வீட்டுக்குக் குழாய், கம்பி, திருகாணி எதையும் அனுப்பாதே. அத்தான் ரகசியமாகக் கேட்டாலும் அனுப்பாதே. எஃகு வலை என்ற சொல்லே இந்த வீட்டில் இனி எழக் கூடாது.

உன் குடும்பத்துக்கு என் ஆசிகள். உன் வியாபாரம் எங்கள் வீட்டைத் தவிர மற்ற எல்லாத் திசைகளிலும் பெருகட்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: உன் அத்தான் இதைத் தபாலில் போட மறந்து பையிலேயே வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று சனிக்கிழமை. நேற்றுத் தேறிவிட்டேன், இரண்டு பக்கமும் திரும்பி. ரப்பர் குழாயோடு கோட்டில் நிறுத்துவதற்குள் எனக்குத்தான் உயிர் போய்விட்டது. அது வீங்குவது உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். உடனே எஃகு வலைக் குழாய் இரண்டு அனுப்பு. ஒன்று எனக்கு, சிவப்பு. மற்றது தேர்வு அதிகாரிக்கு, நீலம். விலையை அவரிடம் முழுசாக வாங்கிக்கொள். உரிமத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டார் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். இரண்டு வண்டிக்கும் அளவை நானே எடுத்தேன், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி. அதன்மேல் கொஞ்சம் தாராளமாகவும் விட்டுக்கொள். எவ்வளவு என்று என்னைக் கேட்காதே.