சன்னல் சாத்திய புதுமனைப் புகுவிழா

தனியாக இருக்கிறவர்கள் வீடு கட்டக் கூடாது. கட்டினால் ஒவ்வொரு செங்கல்லையும் வரப்போகிறவர்களுக்காகவே வைப்பார்கள். நான் அப்படித்தான் வைத்தேன்.

கணவர் போன பிறகு நாமக்கல்லில் நான் ஒருத்திதான். பெங்களூரில் இருக்கும் மகன் கோடை விடுமுறைக்கு வருவான். மறுநாளே, "இங்க வேகுதும்மா" என்று சேலத்தில் மாமனார் வீட்டு ஏசி அறைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவான். (நீயும் ஒரு ஏசி மாட்டியிருக்கலாமே என்பீர்கள். அந்த அறிவு இருந்தால் இந்தக் கட்டுரை ஏது?)

புது வீடுகள் மின்சாரத்தைக் குறைவாக இழுக்க வேண்டும் என்று விதிகள் வந்திருப்பதாக இன்ஜினியர் சொன்னார். உடனே பிடித்துக்கொண்டேன். இரட்டைச் சுவர், வெள்ளை ஓடு பதித்த மொட்டைமாடி, அகலமான சன்ஷேடு.

"பகல்ல சன்னலச் சாத்தி வெச்சு, பொழுது சாஞ்சதும் தொறந்து உடுங்க. ஏசியே வேண்டாமுங்க" என்றார்.

வேதவாக்கு!

சித்திரையில் புதுமனைப் புகுவிழா. வெயில் ஏறியதும் நானே எல்லாச் சன்னலையும் சாத்தினேன். உள்ளே ஓமம் எரிந்துகொண்டிருந்தது. (ஓமத்தைப் பற்றி இன்ஜினியர் ஒன்றும் சொல்லவில்லை.) ஐயர் மந்திரத்துக்கு நடுவே இருமினார். சொந்தபந்தம் மொத்தமும் பின்பாட்டுப் பாடியது.

"அக்கா, சன்னலத் தொறந்து உடுங்க, மூச்சு முட்டுது!" என்றான் தம்பி.

"தொறந்தா சூடு உள்ள வந்துரும். செத்த பொறுத்துக்க."

"சூடு வரட்டுமுங்க, உசுரு போவுது!"

பேரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினான். பின்னாலேயே மகன், மருமகள், அப்புறம் எல்லாரும். எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஹாலைத் திறந்து ஏசியைப் போட்டார். பந்தியும் அங்கேயே போயிற்று. ஐயர்கூட மிச்ச மந்திரத்தை வேகமாக முடித்துவிட்டு அங்கேதான் போனார்.

புகை அடங்கியபின் தரையில் உட்கார்ந்தேன். சொன்னபடியே வீடு குளுகுளுவென்று இருந்தது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை. எதிர்வீட்டில் எல்லாரும் சிரிப்பது கேட்டது. (கண்ணில் தண்ணீர் வந்தது. புகைதான் என்று வைத்துக்கொள்வோம்.)

சாயங்காலம் மகன் பையை எடுக்க வந்தான். தரையில் கால் வைத்ததும் நின்றுவிட்டான்.

"நெசமாவே சில்லுனு இருக்குதும்மா!"

"அப்ப இன்னைக்கு இங்கயே படுத்துக்க சாமி."

"சேலத்துல பாத்துட்டு இருப்பாங்கம்மா."

போய்விட்டான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "புகை அடங்குச்சாம்மா?" என்றுதான் ஆரம்பிப்பான். மருமகளும் பேரனும் பின்னாலிருந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கொஞ்சம் நீட்டியே சிரிப்பேன். நிறுத்தினால், "சரிம்மா, வெச்சரட்டா?" என்பான்.