நிழல் மானியச் சீர்திருத்தம்

உலக வரலாற்றிலேயே ஒரு மரத்தின் நிழலை அரசுச் செலவில் அளந்த முதல் மனிதன் அடியேன்தான். 'மானிய அளவீடு மற்றும் சீரமைப்புக் குழு'வின் உறுப்பினர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எடுத்த எடுப்பிலேயே மரத்துக்கு வந்துவிடவில்லை. முதலில் தொழில் துறையைத்தான் அளக்கப் போனோம். ஆலை முதலாளி, "எங்களுக்கு வர்றது மானியம் இல்லீங்க, 'ஊக்குவிப்பு'" என்றார். முந்திரி பிஸ்கட் கொடுத்துச் சொன்னதால் ஏற்றுக்கொண்டோம். சுரங்கம், வங்கி, போக்குவரத்து என்று போன இடமெல்லாம் ஊக்குவிப்புதான் இருந்தது. அளக்க ஒரு மானியம்கூட அகப்படாமல் குழு தவித்துக்கொண்டிருந்தபோது, தலைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அலுவலக மரத்தடியில் இஸ்திரிக்காரர் வண்டி போட்டு எங்கள் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நிழலுக்கு அவர் என்ன குடுக்கறார்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"புடிச்சிட்டோம்யா" என்றார் தலைவர்.

அளவு நாடாவோடு இறங்கினேன். காலையில் அளந்த நிழல் நண்பகலில் பாதிகூட இல்லை. மாலையில் தெருவையே தாண்டிப் போய்விட்டது. 'இம்மானியம் மாலை நேரங்களில் கட்டுக்கடங்காமல் வீங்குகிறது' என்று அறிக்கையில் எழுதினேன். கூட்டத்தில் அந்த வரிக்குக் கைதட்டினார்கள்.

இஸ்திரிக்காரர் தலைவரைப் பார்க்க வந்தார். "ஐயா, நாள் பூரா கையில கொதிக்கிற பெட்டி. தலைக்கு மேலயும் வெயில்னா நான் தாங்க மாட்டேன். இந்த மரத்தை நம்பித்தான் எங்க வீட்ல அடுப்பு எரியுது."

"உங்க மேல எங்களுக்குக் கோவமே இல்லப்பா. நீங்க சொந்தக் கால்ல நிக்கணும், அவ்வளவுதான்."

"நின்னுக்கிட்டேதான் ஐயா இருக்கேன், காலையிலேருந்து."

தலைவர் இதை 'பயனாளியின் ஒத்துழைப்பு' என்று குறித்துக்கொண்டார். வண்டி போயிற்று. அந்த இடத்தில் தலைவரின் கார் வந்து நின்றது. காருக்குக் கிடைத்தது நிழல் அல்ல, 'வாகனப் பராமரிப்பு'.

அறிக்கை வெளியீட்டு விழாவுக்கு நாங்கள் அத்தனை பேரும் கசங்கிய சட்டையோடு போய் நின்றோம். மூட்டையிலிருந்து உருவிப் போட்டாற்போல் இருந்தோம். அமைச்சர் மனம் இளகி, ஆளுக்கு மாதாமாதம் 'சலவைப் படி' வழங்க ஆணையிட்டார். ஒரு மாதப் படியில் அந்த மரத்தையே விலைக்கு வாங்கிவிடலாம்.

முதல் படியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்ப்புறம் வெட்டவெளியில் மறுபடி வண்டி போட்டு, தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு இஸ்திரிக்காரர் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. சட்டையை மட்டும் நீட்டினேன்.

"துணி தேய்க்க ஐயாவுக்கு அரசாங்கமே பணம் குடுக்குதாமே?"

"ஆமா. ஆனா அது மானியம் இல்லப்பா."

"எப்படிங்க?"

"அளவு நாடா எங்ககிட்டல்ல இருக்கு."