கொண்டைக்குருவிக்குப் பப்பாளி

ஏற்காடு,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஆண்டனி ராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை ரூபியின் கணவன் மேக்ஸ்வெல் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாம் சுகம், ரூபியின் இடது கால் நீங்கலாக. அது இன்னும் மாவுக்கட்டில்தான் இருக்கிறது. அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து ரூபியைச் சேலத்துக்கு அழைத்துப் போவதாக நீங்கள் சொல்லி, அவளும் சரி என்றதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போனில் இதையெல்லாம் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

மூன்று வாரமாகச் சன்னலோரமே உட்கார்ந்திருப்பவளுக்கு அலுத்துப்போய்விட்டது, அதனால்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தேன். பறவைகள் வந்தால் இருப்பாள் அல்லவா? உடனே காரா மிக்சர் வாங்கி மதில்மேல் தூவினேன். பறவை வரவில்லை, குரங்கு வந்தது. தின்றுவிட்டு, இன்னும் கொண்டா என்பதுபோல் அது சன்னல் கம்பியைப் பிடித்து ஆட்ட, ரூபி கட்டுப்போட்ட காலோடு எழுந்து ஓடப் பார்த்தாள். மறுநாள் சேலத்துக்குப் பஸ் ஏறி ஒரு கடையில் பறவைத் தீனி கேட்டேன். "என்ன பறவைக்குங்க?" என்றார் கடைக்காரர். "பொதுவா பறவைக்குங்க" என்றேன். பையின்மேல் கிளிப் படம் அழகாக இருந்ததால் ஐந்து கிலோ வாங்கினேன். திரும்பும்போது கொண்டை ஊசி வளைவில் பை கிழிந்து பஸ் முழுக்கச் சூரியகாந்தி விதை. திட்ட வந்த கண்டக்டர் அடுத்த வளைவில் வழுக்கி என் மடியிலேயே உட்கார்ந்தார். அள்ளியதை மதில்மேல் வைத்து மூன்று நாள் காத்திருந்தேன், ஒரு காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. மாரமங்கலத்திலிருந்து பழம் கொண்டுவந்து விற்கும் சின்னத்தாயிதான் ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, இது பூசணம் புடிச்சதுங்க. இதத் தின்னா குருவி செத்துப்போயிருமுங்க."

உடனே மண்வெட்டியை எடுத்தேன் மச்சான். அத்தனையையும் கூட்டி அள்ளிக் குழியில் புதைத்தேன்.

"உங்க ஊட்டுப் பக்கம் வர்றது என்ன குருவிங்க?" என்றாள் அவள். முப்பது வருஷம் எஸ்டேட் ரைட்டராக இருந்தும் எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து ரூபி குரல் கொடுத்தாள்.

"கொண்டைக்குருவிங்க அக்கா. கன்னத்துல செவப்பா இருக்கும். தெனமும் சில்வர் ஓக் மரத்துல வந்து உக்காரும்."

"அப்பறம் எதுக்குங்க இந்த வெதை? அதுக்குப் பழம்னா நொம்பப் பிரியமுங்க. கனிஞ்ச பப்பாளி வைங்க. உப்பு, காரம் ஆகாதுங்க. ஒரு சட்டியில தண்ணியும் வைங்க."

அவளிடமே நன்றாகப் பழுத்த பழமாகப் பார்த்து வாங்கி வைத்தேன். இன்று காலை, "ஏனுங்க, ஓடியாங்க!" என்று ரூபி கத்தினாள். விழுந்துவிட்டாளோ என்று பதறி ஓடினேன். மதில்மேல் இரண்டு கொண்டைக்குருவிகள், மூக்கெல்லாம் பப்பாளி. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு மாதமாயிற்று.

ஆகவே மச்சான், தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். அவள் இங்கேயே இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதமும்.

தங்கள் அன்பு,
மேக்ஸ்வெல்

பி.கு.: கடிதத்தை ரூபியிடம் வாசித்துக் காட்டினேன். "எனக்கு அலுத்துப்போச்சுன்னு யாருங்க சொன்னா? நீங்க ஆக்கிப் போடறதத்தான் வாயில வெக்க முடியலீங்க. வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லலை" என்றாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும். அக்கா கையால் ஒரு தூக்குவாளி மீன்குழம்பு கொண்டுவரவும். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அழைத்துப் போகும் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள், வயிறு நிறைந்தால் போகவில்லை என்று அவளே சொன்னாலும் சொல்வாள்.