வானத்தை வெட்டிய அண்ணாச்சி

கத்தரிக்கோலைத் தொடாமலே திருவனந்தபுரத்தில் அதிகம் வெட்டியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் வெட்டு அண்ணாச்சிக்கு எதிரே நிற்க ஆளே கிடைக்காது.

வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். சாலைக் கடைத்தெருவில் நானும் அவரும் ஒரே இரும்புக் கடையில் வேலை பார்த்தோம். ஆணி நிறுப்பது பிழைப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் விளைநிலங்களைப் படம் பிடிப்பது அவருக்கு உயிர். எடுத்த படத்தை நாலு பக்கமும் வெட்டிக் குறுக்குவது அந்த உயிருக்கும் மேலே. பெயின்ட் பெட்டி அட்டையில் 'ட' வடிவத்தில் வெட்டிய இரண்டு துண்டுகள் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அவற்றைப் படத்தின் மேல் வைத்து அளவு குறித்துக் கொடுத்தால், ஸ்டூடியோக்காரர் வெட்டித் தருவார். டீக்கடையில் புட்டு வந்தால்கூட, அந்த இரண்டையும் சட்டம் போலத் தட்டின் மேல் சேர்த்து வைத்துப் பார்த்து, பப்படத்தை ஓரமாகத் தள்ளிய பிறகுதான் கை வைப்பார்.

என் கல்யாணத்துக்கு அவர்தான் போட்டோ. தாரை வார்க்கும் படத்தில் செம்பும், செம்பைப் பிடித்த என் மாமனாரின் கையும் இருந்தன. மீதி மாமனாரைக் காணவில்லை. கேட்டால், "மொகம் கவனத்தைக் கெடுக்குது வே" என்றார். மாமனார் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த நிம்மதிக்கு அண்ணாச்சிக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. அரிசி வியாபாரிகள் வருஷா வருஷம் போடும் காலண்டரில் தன் படம் வர வேண்டும். மூன்று வருஷம் கொடுத்தார், மூன்று வருஷமும் திருப்பி அனுப்பினார்கள். அவர் படத்தில் நிலம் அலையலையாக விளிம்புவரை நிறைந்திருக்கும், வானம் மட்டும் இருக்காது. அரிசிக்காரர்களுக்கு அது அபசகுனம்.

"படம் நல்லா இருக்கு, கேட்டோ. பட்சே ஆகாசம் இல்லாம மழை எங்கேருந்து வரும்?" என்பார் அரிசி வியாபாரிகள் சங்கத் தலைவர், பாதி மலையாளத்தில்.

ஒரு விரற்கடை வானம் விட்டால் என்ன குறைந்துவிடும் என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன்.

"ஆகாசம் எல்லா ஊர்லயும் கெடக்கு வே. இந்தச் சரிவு இங்கதான இருக்கு" என்று முடித்துவிட்டார்.

நான்காவது வருஷம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுமங்காட்டைத் தாண்டிப் போனோம். மரவள்ளியும் வாழையுமாக ஏறி இறங்கும் சரிவுகள். இந்தப் பயணங்களில் என் வேலை, படத்துக்குள் வரும் ஆடு, மாடு, மனிதர்களை அப்புறப்படுத்துவது. ஆள் தெரிந்தால் பார்ப்பவர் கண் நிலத்துக்குப் போகாது என்பது அவர் சட்டம். அன்று எதிர்ச் சரிவில் யாரோ நீலத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். அதைச் சுருட்டச் சொல்ல என்னை அனுப்பினார். சொன்னேன், சுருட்டினார்கள். மேகங்களுக்கு நடுவே வெயில் சுள்ளென்று அடித்ததால் குடையை விரித்துக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கித் திரும்பி வந்தேன்.

அன்று எடுத்த படத்தோடு தலைவரிடம் போனோம். வழக்கம்போல் வானம் இல்லை. தலைவர் உதட்டைப் பிதுக்கினார். அண்ணாச்சி இரண்டு அட்டைகளையும் எடுத்துப் படத்தின் அடிப்பக்கம் சட்டம் கட்டினார். சரிவுகள் வந்து சேரும் பள்ளத்தில் ஒரு சின்னக் குளம். குளம் முழுக்க வானம், அதுவும் மழைமேகத்தோடு.

தலைவர் கும்பிடாத குறைதான். பிறகு படத்தின் ஓரத்தில் விரல் வைத்தார்.

"இந்தக் கறுப்புப் புள்ளியை மட்டும் வெட்டிடுங்கோ."

குனிந்து பார்த்தேன். என் குடை. குடைக்குக் கீழே நான். மூன்று வருஷ ஆசை என் ஒருவனால் கெட வேண்டாம், வெட்டிவிடுங்கள் என்று அண்ணாச்சி காதோடு சொன்னேன்.

அண்ணாச்சி அட்டைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "அது எங்க ஆளு. அவரு இல்லாம இந்தப் படம் இல்ல. போடுறதுன்னா இப்படியே போடுங்க. இல்லன்னா படத்தைத் தாங்க."

போட்டார்கள். அந்த வருஷம் சாலைக் கடைத்தெருவில் எந்த அரிசிக் கடைக்குள் நுழைந்தாலும் எங்கள் சரிவுதான். அண்ணாச்சி கடை கடையாக ஏறி, காலண்டர் கோணலாகத் தொங்கினால் நிமிர்த்திவிட்டு, கல்யாண வீட்டுக்காரர் போல் நடந்து வந்தார்.

வருஷம் முடிந்து வெகுநாளாகியும் கரமனையில் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து அதை நான் கழற்றவில்லை. என் மாமனாரையே வெட்டிய மனிதர், என்னை வெட்ட மாட்டேன் என்று சொன்ன படம் அல்லவா அது.