ஒன்பது கிளப்பும் ஒரு மொய்யும்

"அப்ளிகேஷன்ல நீ என்னடி எழுதுவே? அப்பாவுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்ததையா?"

மைதிலி ஆன்ட்டி இதைக் கேட்டபோது நான் வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தேன். அதனால் அன்று என் கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அவர்தான் காரணம் என்று இன்றுவரை என்னால் நிரூபிக்க முடியவில்லை.

அமெரிக்காவில் ஐசலின் என்ற ஊரின் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ரெஸ்டாரண்டில் அப்பா பரோட்டா மாஸ்டர். மைதிலி ஆன்ட்டி ஞாயிறு தவறாமல் குடும்பத்தோடு சாப்பிட வருபவர். கிச்சன் வாசல்வரை வந்து, "மாஸ்டர், சால்னா கொஞ்சம் காரம் கம்மியா" என்று சொல்லிவிட்டுப் போகும் உரிமை அவருக்கு மட்டும் உண்டு. அவர் மகள் அனிதா என் ஸ்கூலில், என் வகுப்பில். ஏழு கிளப்பில் உறுப்பினர்.

"இங்க காலேஜ்ல மார்க்கை மட்டும் பாக்க மாட்டாங்க செல்வி. என்னென்ன கிளப்ல இருந்தேன்னு எழுத ஒரு முழுப் பக்கமே இருக்கு. காலியா விட்டா எப்படி?"

"மாம், ஸ்டாப் இட்" என்றாள் அனிதா. ஆன்ட்டி ஸ்டாப் பண்ணவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா இரண்டாவதோடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்தை மழைக்கு ஒதுங்கிய இடமாக மட்டும் அறிந்தவர். நான் காலேஜுக்குப் போவேன் என்று வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படிப் போவது என்றுதான் யாருக்கும் தெரியாது. அந்த முழுப் பக்கம் என்னை உறங்கவிடவில்லை.

அந்த ஊர் ஸ்கூல்களில் எதற்கெடுத்தாலும் ஒரு கிளப் உண்டு. செஸ்ஸுக்கு ஒன்று, விவாதத்துக்கு ஒன்று, ஜெர்மன் மொழிக்கு ஒன்று, செடி நடுவதற்கு ஒன்று. (எதுவும் செய்யாமல் இருப்பதற்கு மட்டும் கிளப் இல்லை. இருந்திருந்தால் அதற்கும் ஒரு தலைவர், ஒரு செயலாளர் இருந்திருப்பார்கள்.) எல்லாமே கடைசி மணி அடித்த பிறகுதான் நடக்கும். கடைசி மணி அடித்ததும் எனக்கு பஸ், பஸ்ஸை விட்டு இறங்கினால் வெங்காயம்.

இப்படி இருக்கும்போதுதான் பதினோராம் வகுப்பில் அந்த போட்டோ நாள் வந்தது.

வருடக் கடைசியில் ஸ்கூலில் ஒரு தடித்த புத்தகம் போடுவார்கள். இயர்புக். அதில் ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு குரூப் போட்டோ. எல்லாவற்றையும் ஒரே நாளில், ஜிம்மில் இருக்கும் மரப் படிக்கட்டில் உட்காரவைத்து வரிசையாக எடுத்துத் தள்ளுவார்கள். நான் அங்கே போனது ஆபீஸிலிருந்து ஒரு சீட்டைக் கொடுக்க. சத்தியமாக அவ்வளவுதான்.

ஏணி மேல் நின்ற போட்டோகிராபர் என்னைப் பார்த்துக் கை காட்டினார். மூன்றாவது வரிசையில் ஓர் இடைவெளி இருக்கிறதாம், சீக்கிரம் வந்து நிற்க வேண்டுமாம்.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். நான் வளர்ந்தது விருதுநகர்ப் பக்கத்துக் கல்யாணங்களில். மேடையில் போட்டோ லைட் எரிந்து, போட்டோகிராபர் "வாங்க, வாங்க" என்றால் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால், "அவ மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டா" என்று ஆறு மாதம் பேச்சு ஓடும். ஆகவே ஏறினேன். அது செஸ் கிளப்.

இறங்கியிருக்கலாம். ஆனால் அடுத்த கிளப் ஏறி வந்துகொண்டிருந்தது. ஒரு முழுப் பக்கம் காலியாகக் கண்ணெதிரே நின்றது. இறங்கவில்லை.

அன்று ஒன்பது போட்டோ. செஸ்ஸில் ஸ்வெட்டரோடு, விவாதத்தில் ஸ்வெட்டர் இல்லாமல், தோட்டக் கிளப்பில் ஒற்றைச் சடையை இரட்டையாகப் பிரித்துக்கொண்டு. பாண்டு குழுவில் பக்கத்துப் பையனின் டிராம்போனை வாங்கிப் பிடித்தேன். (ஊதும் பக்கம் வானத்தைப் பார்த்தபடி.) மல்யுத்தக் குழுவில் இருபது தடியன்களுக்கு நடுவில், கடத்திக்கொண்டு வரப்பட்டவள் போல் நின்றேன். ஜெர்மன் கிளப்பை அடைந்தபோது தைரியம் முற்றிப்போய், முன்வரிசை நடுவில் உட்கார்ந்து பெயர்ப்பலகையையே மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் ஸ்கூலில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்த கெல்லர் டீச்சர் அன்று லீவு. அது தெய்வச் செயல் என்று நினைத்தேன்.

யாரும் ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? கல்யாணத்தில் அழையாமல் வந்து சாப்பிடுபவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். அமெரிக்காவிலும் அதே கதைதான். பெயர் எழுத ஒரு தாள் வந்தது. ஒன்பது தாளிலும் 'செல்வராணி பெருமாள்' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். திருடன் விலாசம் எழுதிவைத்துவிட்டுப் போன கதை.

ஜூன் மாதம் புத்தகம் வந்தது. அப்பா முதலாளியிடம் கேட்டு அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில், முருகன் படத்துக்குக் கீழே வைத்தார். ஊதுபத்தி வேறு. பில் கட்ட வந்தவர்கள் ஒன்பது பக்கத்தையும் பார்க்காமல் மீதிச் சில்லறை வாங்க முடியாது.

"எம்புள்ள. ஒம்பது கிளப்பு" என்பார். மஞ்சள் படிந்த விரல் பட்டுப் பட்டு ஒன்பது பக்கத்திலும் என் முகம் மட்டும் மங்களகரமாக மாறிவிட்டது.

அந்த ஞாயிறு மைதிலி ஆன்ட்டி வழக்கமான மேஜையில் இருந்தார். நான் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. கெல்லர் டீச்சர் தன் தோழியோடு மசால் தோசை சாப்பிட வந்தார்.

நான் கிச்சனுக்குள் ஓடுவதற்குள் அப்பா புத்தகத்தோடு அவர் மேஜைக்குப் போய்விட்டார். அமெரிக்கர் யார் வந்தாலும் அவருக்கு அந்த ஸ்கூல் ஆள்தான். அன்று பார்த்து அது சரியாகப் போனது.

"திஸ் மை டாட்டர். யூ ஸீ. ஒம்பது கிளப்பு."

கெல்லர் டீச்சர் சிரித்தபடி பக்கம் புரட்டினார். ஜெர்மன் கிளப்பில் சிரிப்பு நின்றது. தன் கிளப்பின் பெயர்ப்பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். பிறகு மிக இனிமையாக, மிக நீளமாக, ஜெர்மனில் என்னிடம் ஏதோ கேட்டார்.

அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தின் முன்னால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தமிழில் பேசினால் அப்பாவுக்குப் புரியும். இங்கிலீஷ் என்றால் அடையாளமாவது தெரியும். என்னிடம் மூன்றாவதாக இருந்தது கொஞ்சம் இந்தி மட்டும்தான். அதுவும் எதிர் மளிகைக் கடையில் பொறுக்கியது.

நிமிர்ந்து நின்று சொன்னேன்: "ப்யாஜ் கைஸே தியா? தோடா கம் கரோ, பையா."

அப்பா பெருமையில் தோளைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கெல்லர் டீச்சர் மெனு கார்டைப் பார்த்தார்.

மைதிலி ஆன்ட்டி டெல்லியில் எட்டு வருடம் இருந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"மாஸ்டர்" என்றார் அவர், ரசம் புரையேறிய குரலில். "அது ஜெர்மன் இல்ல. உங்க பொண்ணு அந்தம்மாகிட்ட வெங்காயம் என்ன விலை, கொஞ்சம் கொறைச்சுக் குடு அண்ணேன்னு கேக்கறா."

அதன் பிறகு நடந்த விசாரணை வெங்காய மூட்டைகளுக்கு நடுவில். ஒன்பதையும் ஒப்புக்கொண்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா ஒன்பது பக்கத்தையும் ஒருமுறை புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மேடை ஏறி போட்டோவுல நின்னியே, மொய் எழுதுனியா?"

"இல்லப்பா."

"மொய் எழுதாம போட்டோவுல நிக்கற வழக்கம் நம்ம வீட்டுல கெடையாது. காசெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு கிளப்புக்கா போ. மன்னிப்புக் கேளு. என்ன வேலை குடுத்தாலும் செஞ்சிட்டு வா."

"அப்ப வெங்காயம்?"

"எனக்குக் கையில்லையா?"

லீவு விட இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மல்யுத்தக் குழுவின் பாய்களைத் துடைத்தேன். அந்த வாடைக்கு வெங்காயம் சந்தனம். பாண்டு குழுவில் அதே டிராம்போனுக்குப் பாலிஷ் போட்டேன். தோட்டக் கிளப்பில் களை எடுக்கச் சொல்லி என்னை ஒரு பாத்தியில் விட்டார்கள். என்ன பாத்தி என்று சொல்ல வேண்டியதில்லை. கெல்லர் டீச்சர் நாற்காலிகளை அடுக்கச் சொல்லிவிட்டு, போகும்போது நான் கேட்காமலே ஒரு ஜெர்மன் சொல் சொல்லிக்கொடுத்தார். ஸ்வீபெல். அதுவும் வெங்காயம்தான். ஒவ்வொரு நாளும் கடைக்குத் திரும்பும்போது அப்பா சிவந்த கண்ணோடு, "இத எப்படிப் புள்ள தினமும் செய்யிற?" என்று கேட்டார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அந்த முழுப் பக்கம் நிஜமாகவே மேஜைக்கு வந்தது. சும்மா ஒன்பதையும் எழுது, புத்தகத்திலேயே இருக்கிறதே, யார் செக் பண்ணப் போகிறார்கள் என்றாள் அனிதா இங்கிலீஷில். உண்மைதான். பேனாவை எடுத்து முதல் வரியில் எழுதினேன்: வெங்காயம் உரித்தல், வாரம் ஆறு நாள், நான்கு வருடம். பதவி என்ற இடத்தில், தலைவர். இரண்டாவது வரியில் ஒன்பது மொய்யையும், அது எதற்கு என்பதையும் எழுதினேன்.

ஏப்ரலில் காலேஜிலிருந்து, இடம் கிடைத்துவிட்டது என்று கனமான கவர் வந்தது. மைதிலி ஆன்ட்டி கடிதத்தை இரண்டு முறை படித்தார். மறு வாரமே தன் சின்ன மகள் திவ்யாவைக் கூட்டிக்கொண்டு கிச்சன் வாசலில் நின்றார். "மாஸ்டர், இவளும் ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வெங்காயம் உரிக்கட்டும். அப்ளிகேஷனுக்கு."

இன்றும் எந்த விசேஷத்தில் கேமராவைத் தூக்கினாலும் வீட்டில் யாராவது ஒருவர், "செல்வி, மொய் எழுதிட்டியா?" என்று கேட்காமல் படம் எடுக்க முடியாது. காலேஜில் இரண்டு வருடமாக ஜெர்மன் படிக்கிறேன் என்று தெரிந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. போன மாதம் கெல்லர் டீச்சர் கடைக்கு வந்தபோது வெங்காய விலையை முறையாக ஜெர்மனில் கேட்டேன். அதிகம் சொன்னார். பேரம் பேசினேன்.

அடுத்த செமஸ்டர் ஜெர்மனியில் படிக்க விண்ணப்பித்திருக்கிறேன். பாஸ்போர்ட் அளவில் ஒரு போட்டோ கேட்டிருந்தார்கள். படத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன், யாருக்கும் மொய் பாக்கி இல்லை. நேற்றே தபாலில் போட்டாயிற்று.