மௌனத்துக்குப் போர்த்திய பொன்னாடை

பாட்டு முடிந்ததா இல்லையா என்று தெரியாதவன் கையில் பொன்னாடை இருக்கக்கூடாது. பட்டுத் தெளிந்தவன் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் மனைவி ஸ்ரெல்லா லண்டனில், லூயிஷாமில் ஒரு பாடகர் குழுவில் இருந்தாள். பின்லாந்துப் பழங்கதை ஒன்றை, பெரிய வாத்தியக் குழுவோடு பாடப்போகிறார்கள். மரண ஆற்றில் துண்டு துண்டாகிப்போன மகனைத் தாய் வாரியெடுத்து, பொருத்தி, கூப்பிட்டு எழுப்புகிறாள். அந்தத் தாயின் நான்கு வரிகள் ஸ்ரெல்லாவுக்கு, தனியாக. மூன்று மாதம் எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தது.

"இஞ்சாருங்கோ, நான் பாடேக்கை நித்திரை கொண்டியளோ, பிறகு தெரியும்."

"சீச்சீ, கண் மூடமாட்டன்."

(இரவு முழுக்க விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிவிட்டு நேரே வந்தவன் கொடுத்த வாக்கு.)

எங்கள் ஆட்களிடம் கச்சேரி என்றால் பொன்னாடை உண்டு. கையசைத்து வாத்தியக் குழுவை நடத்தும் வெள்ளைக்கார நடத்துனருக்கு மட்டும் அந்தக் குறை ஏன் என்று, சரிகை போட்ட ஒன்றை ரகசியமாக வாங்கி மடியில் வைத்திருந்தேன்.

வயலின்கள் பனி பெய்வதுபோல் தொடங்கின. கறுத்த ஆறு வந்தது. அதில் ஓர் அன்னம். அன்னத்தின் பின்னால் சூட்கேஸ்கள் வரிசையாக மிதந்தன. நான் தூக்கத் தூக்க, அவை பாரமே இல்லாமல் பறந்தன. வாழ்க்கையில் அவ்வளவு சுகமான ஷிப்ட் நான் செய்ததில்லை.

திடீரென்று சத்தமில்லை. விழித்தேன். முடிந்துவிட்டது! கைதட்டக்கூடத் தெரியாத சனம் என்று இரக்கப்பட்டு மேடையேறினேன். நடத்துனர் இரண்டு கைகளையும் உயர்த்தியபடியே நின்றார். போர்த்த வசதியாக இருந்தது. போர்த்திவிட்டுச் சபையைப் பார்த்து, "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென், லண்டன்வாழ் தமிழ் மக்கள் சார்பில்..." என்று தொடங்கியபோதுதான் ஸ்ரெல்லாவைக் கண்டேன். பாட வாய் திறந்தபடி நின்றாள். மகனுக்கு மூச்சு வருகிறதா என்று தாய் காதுகொடுக்கும் இடமாம் அந்த மௌனம்.

"ப்ளீஸ் சிட் டவுன்" என்றார் நடத்துனர், கையை இறக்காமல். அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாத உழைப்பை ஒரு நிமிடத்தில் நாசமாக்கிய வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

ஸ்ரெல்லா பாடினாள். செத்தவனை எழுப்பும் வரிகளை, உயிரோடு இருந்தவனைக் கொல்லும் கண்களோடு. கூரை அதிர்ந்தது. "என்ன ஒரு தாய்!" என்று முன்வரிசை வெள்ளைக்காரக் கிழவி கண்ணைத் துடைத்தாள். ஸ்ரெல்லா என்னோடு பேச ஒரு கிழமை ஆனது.

போன வருசம் மகளின் கல்யாணம். "சம்மதமா?" என்று பாதிரியார் கேட்டார். மகள் பதில் சொல்ல ஒரு கணம் பிந்தினாள். தேவாலயமே அமைதியானது. ஸ்ரெல்லா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இருங்கோ. இன்னும் முடியேல்லை."