பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு டாலர் நோட்டு

பாங்கில் வேலை பார்ப்பவனுக்கு உலகத்து நோட்டெல்லாம் அத்துப்படி என்று ஊரார் நினைப்பதில் ஆபத்தில்லை. அவனே அப்படி நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து. வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு நான் நினைத்துக்கொண்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், கரமனையிலிருந்து அம்மாவும் நானும் ஸ்ரீவராகத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். (வழி நெடுக அம்மா சொன்ன புத்திமதி: "சொஜ்ஜி சாப்பிட மட்டும் வாயைத் திற!")

பெண்ணின் அப்பா மகாதேவய்யருக்கு வெளிநாட்டு நோட்டுகள் சேர்ப்பதில் பைத்தியம். கப்பலில் வேலை பார்க்கும் மகன் கொண்டுவந்து கொடுப்பானாம். சொஜ்ஜிக்கு முன்னாலேயே இரண்டு அமெரிக்க ஒரு டாலர் நோட்டுகள் என் எதிரே வந்துவிட்டன.

"ரெண்டுலயும் 1935-னு போட்டிருக்கு. நல்ல விலை போகுமோல்லியோ? பாத்துச் சொல்லுங்கோ, மாப்பிள்ளை."

'மாப்பிள்ளை' தலைக்கேறியது. டாலரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். இருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்தேன், தடவினேன், முகர்ந்துகூடப் பார்த்தேன். ஒன்று கசங்கியிருந்தது; மற்றது மொடமொடவென்றிருந்தது. கையெழுத்தும் வேறு.

"ஒரே வருஷம், வேற கையெழுத்து. பழைய நோட்டு இப்படிப் புதுசா இருக்குமா? இது கள்ள நோட்டு, மாமா. வீட்ல வச்சிருந்தாலே ஜெயில்தான்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மகாதேவய்யரின் முகம் வெளுத்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் பூட்ஸ் சத்தம். மாப்பிள்ளையைப் பார்க்க வரச் சொல்லியிருந்த அடுத்த வீட்டு மலையாளி. போலீஸ் இன்ஸ்பெக்டர்.

மகாதேவய்யர் ஒரு நோட்டைப் பறித்துக்கொண்டு அடுக்களைக்கு ஓடினார். பதற்றத்தில் கசங்கியதைக் கொண்டுபோய்விட்டார்! மொடமொட நோட்டு என் முன்னால். சட்டென்று நகர்ந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அடுக்களையிலிருந்து கருகல் வாசனை வந்தது. இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார். "எந்தா சாமி, எந்தோ கரியுந்ந மணம்?"

"பஜ்ஜி!" என்றாள் அம்மா. (பஜ்ஜி போடவே இல்லை.)

அவர் என்னிடம் கை நீட்டினார். மரியாதைக்கு எழுந்திருக்க வேண்டும். நான் அசையவில்லை.

"காலினு வய்யாய்மை உண்டோ?" என்று அவர் இரக்கத்தோடு கேட்டார்.

பிள்ளைக்குக் கால் ஊனம் என்று ஊரில் பரவிவிடுமே! அம்மா என் கையைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கிவிட்டாள். வேட்டியிலிருந்து நோட்டு நழுவி, நேரே பூட்ஸின் மேல் விழுந்தது. இன்ஸ்பெக்டர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பூஜப்புரை ஜெயில் கண்ணில் தெரிந்தது.

"அது அண்ணா கொண்டுவந்த நோட்டு" என்றது ஒரு குரல். காபி டம்ளர்களோடு பெண் நின்றிருந்தாள். "1935 அச்சடிச்ச வருஷம் இல்லே. அந்த மாதிரி நோட்டு ஆரம்பிச்ச வருஷம். கையெழுத்துப் போடறவர் மாறினா, வருஷத்தை அப்படியே வச்சுண்டு பக்கத்துல ஒரு எழுத்தைச் சேர்ப்பாளாம். இதுல 'பி' இருக்கு, பாருங்கோ. புது நோட்டுதான்."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். இருந்தது. நோட்டைச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

கையில் கரியோடு வந்து நின்ற மகாதேவய்யர், "அப்போ நான் எரிச்சது?" என்றார்.

"எழுத்தே இல்லாதது. அதான் பழசு. ஏராளமா அச்சடிச்சதுதான், பெரிய விலை ஒண்ணும் போகாது. ஆனா ரெண்டுல கொஞ்சம் மதிப்புள்ளது அதுதான்."

சொஜ்ஜி சாப்பிடாமலே வீடு திரும்பினோம். மறுநாள் சம்மதம் என்று ஆள் வந்தபோது அம்மா நம்பவே இல்லை. காரணத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு மனைவியே சொன்னாள்: "இப்படி ஒருத்தர் ஆம்படையானா வாய்ச்சா, வீட்ல என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இருக்காதுன்னு தோணித்து."

இல்லைதான். இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் வீட்டுக்குப் பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தாலும், முதல் காரியமாகக் கூடத்துச் சுவரிலிருக்கும் காலண்டரைக் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறார்கள். அதில் வருஷம் போட்டிருக்கிறதாம்.